எட்டு மாதக் குழந்தைக்கு ஆறாத டயாப்பர் புண்

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்):
என் மகளுக்கு டயாப்பர் போடும் இடம் ஐந்து நாள்களாகச் சிவந்திருக்கிறது. துத்தநாகக் களிம்பு தடவியும் குறையவில்லை. தொடை மடிப்புக்குள் கடும் சிவப்பும், அதைச் சுற்றிக் கடுகு சிதறினாற்போலச் சிறு பருக்களும் தெரிகின்றன. மாமியார் பவுடர் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்):
பவுடர் வேண்டாம், சகோதரி. அதன் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். வெட் டிஷ்யூவை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, தேய்க்காமல் ஈரத்தை ஒற்றியெடுத்து, பழைய கைலியை விரித்து அதன்மேல் தினமும் சில முறை டயாப்பர் இல்லாமல் படுக்க விடுங்கள். கைலி நனையத்தான் செய்யும். களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிப்பாகப் பூசுங்கள்.

பதில் (பட்டர்வொர்த், பினாங்கு):
மடிப்புக்குள் சிவப்பும் சுற்றிலும் பருக்களும் என்றால், அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். துத்தநாகம் அதைக் கொல்லாது. என் மகனுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்த வாரத்தில்தான் வந்தது. மருத்துவர் தந்த, பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் களிம்பை முதலில் தடவி, அது ஊறிய பிறகு மேலே துத்தநாகக் களிம்பைப் பூசினோம். ஸ்டீராய்டு கலந்ததை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலோ சீழோ கொப்புளமோ கண்டால் அன்றே காட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
இரண்டு வாரத்துக்கு முன் காதுவலிக்கு இவளுக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். நாளைக் காலையே கிளினிக்குக்குப் போகிறேன்.