பை-வயரிங்: ‘இருகம்பி இணைப்பு’ வேண்டாம், ‘கவைவடம்’ எப்படி?

வணக்கம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து (ஒலி மின்குறியைப் பெருக்கும் கருவி) ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு வடங்கள் இழுப்பதுதான் பை-வயரிங் (bi-wiring). நம் அகராதிக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். உங்கள் குறிப்புகளுக்கு என் பதில் இது.

> பை-வயரிங் = இருகம்பி இணைப்பு. எளிமையாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்.

எளிமைதான். ஆனால் எந்த ஸ்பீக்கருக்கும் போவது இரண்டு கம்பிதானே? சிவப்பு முனைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. பை-வயரிங்கில் போவது நான்கு. சொல்லை நம்பி எண்ணிப் பார்க்கிறவர் குழம்பித்தான் போவார்.

> அப்படியானால் ‘ஈரிணை வடம்’?

உயிர் முன் ‘இரு’, ‘ஈர்’ ஆனது சரி. இடிப்பது ‘இணை’. சோடியும் இணை, சேர்ப்பதும் இணை. போதாததற்குப் பாடநூலில் பக்க இணைப்பு (parallel) வேறு. இந்தப் பேச்சில் மூன்றுமே வரும். ‘இருதடம்’ என்றால் ஸ்டீரியோவின் இட, வலத் தடங்கள்தான் நினைவுக்கு வரும்.

பொருளைப் பாருங்கள். இதற்கு இடமுள்ள ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு சோடி முனைகள்: ஒன்று தாழ்சுருதி ஒலிக்கான வூஃபருக்கு, மற்றது உச்சசுருதி ஒலிக்கான ட்வீட்டருக்கு. இரண்டையும் உலோகத் தகடுகள் சேர்த்து வைத்திருக்கும். அவற்றைக் கழற்றி, சோடிக்கு ஒரு வடம் இழுத்து, மறுமுனைகளை ஆம்ப்ளிஃபயரின் ஒரே சோடி முனையில் முடுக்கினால் அதுதான் பை-வயரிங். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு. இந்த உருவத்துக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கவை. கிளை இரண்டாகப் பிரியும் இடம். ஆகவே ‘கவைவடம்’.

உருவ அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பை-ஆம்பிங் (bi-amping) என்ற இன்னொரு முறையில் ஒவ்வொரு சோடிக்கும் தனி ஆம்ப்ளிஃபயர். அங்கே கவை இல்லை. தகட்டைக் கழற்ற மறந்தால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடும் நேருக்கு நேர் முட்டும், ஒன்று புகைந்தே போகலாம். கவைவடத்தில் மறந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் ‘இரு’ என்று தொடங்கும் சொற்களை வைத்துவிட்டு, வாசிப்பவர் பிரித்தறிவார் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

> இதனால் ஒலி மேம்படுகிறதா என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

சேர்க்கலாம், ஒரு வரியில். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 3 மீட்டர் வடம் என்றால், போகவர 6 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.1 டெசிபெல்கூட இல்லை. வூஃபரின் மின்னோட்டம் ட்வீட்டரின் கம்பியில் ஓடாது என்பது உண்மை. ஆனால் அதனால் மிச்சமாவது இந்தச் சொற்ப இழப்பில் ஒரு பங்குதான். வேடிக்கை என்னவென்றால், தகட்டைக் கழற்ற மறந்தவருக்கு இரண்டு வடமும் பக்க இணைப்பாகி மின்தடை பாதியாகிறது! என்னைக் கேட்டால் ஒரே தடித்த வடம் போதும். ஆனால் அகராதியில் என் காதுக்கு வேலையில்லை. ‘மேம்படுத்தும்’ என்றும் எழுத வேண்டாம், ‘வீண்’ என்றும் வேண்டாம்.

பை-ஆம்பிங்குக்கு ‘இருபெருக்கி’யை ஏற்கத் தயக்கம். ஒலிபெருக்கி என்று நாம் ஸ்பீக்கரையே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு ஸ்பீக்கர் என்றே படிப்பார்கள். ஆம்ப்ளிஃபயரை ‘மிகைப்பி’ என்று வைத்து ‘இருமிகைப்பி’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

வினையாக ‘கவைவடமிடு’ நாக்கில் கொஞ்சம் தடுக்குகிறது, வேறு தோன்றினால் எழுதுங்கள். அந்தத் தகட்டுக்குப் ‘பாலத்தகடு’ என்று குறித்திருக்கிறேன். பட்டியலில் அதற்கு ‘குதிப்பான்’ (jumper என்பதன் நேர்பெயர்ப்பு) என்று இருப்பதை இன்றே எடுத்துவிடலாமா?