இரைப்பையிலிருந்து சினைப்பைக்குப் பரவிய கேன்சர்: எதை வச்சு நாள் கணக்கு சொல்றாங்க?

மஞ்சக்குப்பம் பொண்ணு:
அம்மாவுக்கு 52 வயசு. ஆறு மாசமா ரெண்டு வாய் சாப்பிட்டதுமே போதும்னு தட்டைத் தள்ளிடுவாங்க. பக்கத்து கிளினிக்ல அல்சர் மாத்திரை கொடுத்தாங்க. போன மாசம் வயிறு உப்பி, புடவைக் கொசுவமே நிக்கல. ஸ்கேன்ல ரெண்டு சினைப்பையிலயும் கட்டி. எண்டோஸ்கோப்பி பண்ணினப்புறம், ஆரம்பிச்சது இரைப்பையிலன்னு தெரிஞ்சுது. ரிப்போர்ட்ல "சிக்னெட் ரிங் செல், க்ருகன்பெர்க் கட்டி"ன்னு இருக்கு. வியாழக்கிழமை கடலூர்லேருந்து ஜிப்மர் போறோம். எத்தனை நாள்னு தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான். என்ன பதில் சொல்றது?

முத்தியால்பேட்டை லேப் அக்கா:
பாத்தாலஜி லேப்ல 28 வருஷம் இருந்தேம்மா. அந்த செல்லை மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மறக்கவே முடியாது. உள்ளே சளி நிரம்பி உட்கருவை ஓரமா ஒதுக்கிடும், கல் வச்ச மோதிரம் மாதிரியே இருக்கும். 1896ல க்ருகன்பெர்க்ங்கற ஜெர்மன் டாக்டர் இந்தக் கட்டியைப் பத்தி எழுதினப்போ சினைப்பையிலேயே பிறந்த கட்டின்னுதான் நினைச்சார். வேற இடத்துலேருந்து வந்ததுன்னு பின்னாடிதான் தெளிவாச்சு.

உன் கேள்விக்கு முதல் பதில் அங்கதான் இருக்கு, எங்கேருந்து வந்ததுங்கறதுல. இரைப்பைலேருந்து வந்தா கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். பெருங்குடல், மார்பகத்துலேருந்து வந்தவங்க பொதுவா இன்னும் கொஞ்சம் நாள் தாங்குறாங்க. அடுத்து, சினைப்பையோட நின்னுதா, வயித்து உறையெல்லாம் பரவி நீர் கோத்திருக்கா? ஆபரேஷன் செஞ்சா கண்ணுக்குத் தெரியற எல்லாத்தையும் எடுக்க முடியுமா, மிச்சம் நிக்குமா? கீமோவைத் தாங்கற தெம்பு இருக்கா? ரெண்டு பக்கமும் கட்டி இருக்கேன்னு தனியா பயப்படாதே, இதுல பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

ஹெர்-2 டெஸ்ட், அதாவது கேன்சர் செல்லுல ஹெர்-2ங்கற புரதம் அதிகமா இருக்கான்னு பார்க்கற டெஸ்ட், பார்த்தாச்சான்னு கட்டாயம் கேளு. பாசிட்டிவா இருந்தா கீமோவோட சேர்த்துக் கொடுக்க தனி மருந்து இருக்கு. பயாப்ஸி வெளி லேப்ல பண்ணியிருந்தா ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, எடுத்த சதைத் துண்டைப் பதிச்சு வச்ச மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிட்டுப் போ.

நெல்லிக்குப்பம் தம்பி:
எங்க அக்காவுக்குப் பெருங்குடல்லேருந்து பரவுச்சு. கீமோவுல ஈரல்ல இருந்தது சுருங்குச்சு, சினைப்பைக் கட்டி மட்டும் வளர்ந்துச்சு. குடல்லேருந்து வந்தா அப்படி ஆகறதுண்டுன்னு சொல்லி, ஆபரேஷன்ல எடுத்தாங்க. அதனால எங்க கதையை வச்சு உங்க அம்மாவுக்குக் கணக்குப் போடாதீங்க. சாப்பாட்டை மட்டும் விட்டுடாதீங்க. ரெண்டு மணிக்கொரு தடவை அரை டம்ளர் கஞ்சி, மோர், மசிச்ச இட்லின்னு கொடுங்க. அக்காவுக்கு எடை குறைஞ்சப்போ ஒரு கீமோவையே தள்ளி வச்சாங்க.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா, நன்றி தம்பி. நீங்க சொன்னதையெல்லாம் ஸ்கேன் கவர் பின்னாடி எழுதி வச்சுட்டேன். வயித்துல ரெண்டு லிட்டர் நீர் எடுத்தாங்க, அதனால உறையைப் பத்தித்தான் முதல்ல கேட்கப் போறேன். பிளாக் இன்னும் இங்க லேப்லதான் இருக்கு. நாளைக்குக் காலையில திறந்ததும் போய் வாங்கிடறேன்.