ரயரில் கோடு இருந்தது, பிடிப்புத்தான் இல்லை

கொக்குவில்காரன்:
கடலுக்கு நடுவால் போகும் பண்ணைப் பாதையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மாத முதல் தூறல். வேலணையிலிருந்து பைக்கில் வருகிறேன், வேகம் 40 கூட இல்லை. நாய் ஒன்று குறுக்கே பாய, பின் பிறேக்கை மிதித்தேன். பின் சில்லு விலகி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. அப்புறம் தார் வீதியில் கிடக்கிறேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தூண்டிலைக் கையில் வைத்தபடியே திரும்பி, "ரயரைப் பாத்தனியே தம்பி?" என்றார். அடிபட்டதா என்று கேட்கவில்லை!

கோடெல்லாம் ஆழமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ரயரின் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் 3213. அதாவது 2013 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம் செய்தது. றப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது. முதல் சொந்தக்காரர் அதிகம் ஓடாமல் வைத்திருந்த பைக். "ரயர் புதுசு மாதிரி" என்றுதான் என்னிடம் விற்றார்.

வல்வெட்டித்துறையான்:
எனக்கு நடந்தது வல்லை வெட்டவெளி வீதியில். மனைவி பின்னால், மகள் முன்னால். பின் ரயரில் ஒரேயடியாகக் காற்று இறங்கி, பைக் பாம்பு போல நெளிந்தது. மகள் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். ரயர் புதிது. ரியூப் பழையது, நாலு ஒட்டு. பழைய ரியூப் இழுபட்டிருக்கும், புது ரயருக்குள் மடிந்து மடிப்பிலேயே தேயும். நான் மிச்சம் பிடித்தது அந்த ரியூப் காசுதான்.

சுன்னாகம் ரைடர்:
கொக்குவில் அண்ணை, கோபிக்க வேண்டாம். முதல் தூறலில் வீதியில் கிடக்கும் எண்ணெயும் புழுதியும் கிளம்பி மேலே வரும், புது ரயரும் வழுக்கும். பின் பிறேக்கை மட்டும் மிதித்தது உங்கள் பிழை. எனக்கு நடந்தது சின்ன விஷயம்: கராஜில் முன் ரயரைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், மழையில் ஹாண்டில் இழுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். எல்லோரும் ரயரில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள், சில்லு முன்னே உருளும் பக்கத்தை அது காட்ட வேண்டும். கோட்டுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து ரயர் அந்த மட்டத்துக்கு வந்தால் மாற்றும் நேரம். காற்றை வெயிலில் ஓடி வந்து பார்க்காதீர்கள், காலையில் ரயர் சூடாக முன்னம் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு என்று நினைத்து அடிக்கவும் கூடாது. எவ்வளவு என்று செயின் கவரிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். இன்னும் நிறைய இருக்கிறது, நேரமில்லை.

ஸ்கூட்டி அக்கா:
நேரமில்லாமலே இவ்வளவா தம்பி? நாய் பாயும்போது இரண்டு பிறேக்கையும் கணக்குப் பார்த்தா பிடிப்பது?

நான் விழுந்தது புது ரயரில். கடையிலிருந்து வெளிக்கிட்டு ஸ்டான்லி வீதியில் முதல் திருப்பம். முட்டைத் தட்டு முழுதும் வீதியில். ரயரில் றப்பர் மயிர்கூடத் தேயவில்லை. புது ரயரின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் சரித்துத் திருப்பக் கூடாதாம். கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொக்குவில்காரன்:
அக்காவுக்கு நன்றி. சுன்னாகம் தம்பி, பிறேக்கில் என் பிழையும்தான், சரி. ஆனால் அந்த ரயர் ஏற்கெனவே செத்தது. கழற்றியதும் கடைப் பொடியன் "கோடு நல்லா இருக்கு, தாங்கோ அண்ணை, ஆரும் வாங்குவினம்" என்றான். அவன் கண் முன்னாலேயே பக்கத்தைக் கத்தியால் கீறிவிட்டுத்தான் கொடுத்தேன்.