விண்டோஸ் 7 மடிக்கணினியில் குரோமுக்கு மாற்றாக எந்த உலாவி?

ஹட்டன் அருகே தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் எங்களிடம் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி: விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ரம். அதிலுள்ள குரோம் 109, 2023 ஜனவரியில் வெளியானது. விண்டோஸ் 7க்கு வந்த கடைசிப் பதிப்பும் அதுவே.

மாணவர் விண்ணப்பங்களை அனுப்பும் தளத்தில், படிவம் முழுவதையும் நிரப்பிய பின்னரும் சமர்ப்பிக்கும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. மேலே ‘உலாவியைப் புதுப்பிக்கவும்’ என்றொரு மஞ்சள் பட்டை. கடந்த மாதம் முதல் இந்த நிலைதான். தற்காலிகக் கோப்புகளை அழித்தோம், நீட்சிகளை நிறுத்தினோம், குரோமை நீக்கி மீண்டும் நிறுவினோம், திகதியையும் நேரத்தையும் சரிபார்த்தோம், பயனில்லை. கைபேசியில் அதே தளம் தடையின்றி இயங்குவதால் இணைப்பில் குறையில்லை. ஆயினும் அந்தச் சிறு திரையில் நீண்ட படிவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கற்பிக்க முடிவதில்லை.

புதிய விண்டோஸை இக்கணினி தாங்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத உலாவியில் பிள்ளைகளின் அடையாள விபரங்களை இடுவதற்கு எனக்குச் சற்றும் சம்மதமில்லை; பொத்தானைவிட அதுவே பெரிய காரணம். பயர்பொக்ஸ் 115இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு (பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கத்தைவிட நீண்ட காலம் தரப்படும் பதிப்பு) விண்டோஸ் 7இலும் இயங்கக்கூடியது என்பதால் அதற்கு மாற எண்ணுகிறேன்.

2 ஜிபி ரம் மட்டுமே உள்ள கணினியில் அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், நீண்ட தமிழ்ப் படிவங்களை நிரப்பும்போது அது திணறாமல் இயங்குகிறதா என்று தெரிவிப்பீர்களா?