கார்னர் வெயிட் தராசு: வாங்கியதும் பயன்படுத்தியதும்

காரின் நான்கு சக்கரங்களிலும் விழும் எடையைத் தனித்தனியாகக் காட்டும் கார்னர் வெயிட் தராசை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் காரில் காயிலோவர், அதாவது திருகி உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்பிரிங் சஸ்பென்ஷன், இருக்கிறதா? கம்பெனி ஸ்பிரிங்கோடு ஓடும் காருக்கு அந்தத் தராசு நான்கு எண்களைக் காட்டும், அவ்வளவுதான். அவற்றை மாற்ற உங்களுக்குத் திருகுவதற்கு எதுவும் இருக்காது. காயிலோவர் இருக்கிறது, கோவைக்கோ சென்னைக்கோ டிராக்கில் ஓட்டப் போய்வருகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் தராசின் மேல் வைக்கும் அக்கறையில் பாதியையாவது அதை வைக்கப்போகும் தரையின் மேலும் வையுங்கள். எங்களுக்கு வேலையே அங்கேதான் இருந்தது.

என்னுடையது 1.2 டிஎஸ்ஐ போலோ. காயிலோவர் மாட்டிய பிறகு அது இரண்டு பக்கமும் இரண்டு விதமாகத் திரும்பியது. இடது வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். வலது வளைவில் பின்பக்கம் லேசாகி நழுவப் பார்க்கும். நேர்ச்சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் இடது முன் டயர்தான் முதலில் கீச்சிடும். மாட்டிக்கொடுத்த பட்டறையில் நான்கு மட்கார்டுகளிலும் டேப் வைத்து, உயரம் சரியாக இருக்கிறது என்று காட்டினார்கள். உயரம் சரியாகத்தான் இருந்தது. எடை சரியாக விழவில்லை. ஒரு கால் சற்றே நீளமான நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்: அந்தக் காலும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். காரில் ஸ்பிரிங் இருப்பதால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, வளைவில்தான் தெரியும்.

முதலில் கப்பலூர் பக்கத்து லாரி எடை மேடைக்குத்தான் காரைக் கொண்டுபோனேன். “சரக்கு எங்கே தம்பி?” என்று கேட்டார் மேடைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஆர்வமாக வெளியே வந்து, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றச் சொல்லி, பிறகு முழுக் காரையும் ஏற்றி, இரண்டு சீட்டு போட்டுக் கொடுத்தார். முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்ற கணக்குக்கு அது போதும். ஆனால் அந்த மேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் காட்டும். நமக்கு வேண்டிய மூலைவிட்ட எடை, அதாவது எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு சக்கரங்களின் கூட்டு எடை, அதில் பிடிபடாது. தராசு வாங்குவதற்கு முன் இந்த எளிய வழியில் காரைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கென்றே லாங்ஏக்கர், இன்டர்காம்ப் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தராசு செய்கின்றன. பொதுவாக 15 அங்குலச் சதுரத்தில் நான்கு தட்டுகள், ஒவ்வொன்றும் 680 கிலோ தாங்கும். தட்டுக்கு அடியில் எடையை உணரும் லோட் செல் இருக்கிறது. ஒயர் வழியாகவோ ஒயர் இல்லாமலோ நான்கு எண்களும் ஒரே திரையில் வரும், சதவீதத்தையும் அதுவே போட்டுவிடும். புதிதாகத் தருவித்தால் சரக்குக் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். நாங்கள் நண்பர்கள் சேர்ந்து, பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் கோவையில் பழைய செட் ஒன்றை வாங்கினோம். பழையது வாங்குபவர்கள் ஒரு அரிசி மூட்டையைக் கூடவே எடுத்துப்போங்கள். அதே மூட்டையை நான்கு தட்டுகளிலும் வைத்துப் பாருங்கள். தட்டின் நடுவிலும் ஓரத்திலும் வையுங்கள், இரண்டு இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். மூட்டையை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். 0.1 சதவீதத் துல்லியம் என்று விளம்பரத்தில் இருப்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். மொத்த எடையில் ஒரு கிலோ பிசகினால் கார் கெட்டுவிடாது. ஒரே எடைக்கு ஒரு தட்டு ஒன்றும் இன்னொரு தட்டு இன்னொன்றும் சொன்னால் எல்லாமே கெட்டுவிடும்.

இனி தரை. ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை தெரியும் தூரத்தில், நண்பர் ஒருவரின் ஷெட் இருக்கிறது. புதிதாகப் போட்ட சிமென்ட் தரை, பார்வைக்கு வழவழவென்று இருந்தது. அந்தத் தரையைப் போட்ட கொத்தனாரையே அழைத்து, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களைக் குறித்துக் காட்டினோம். அவர் ரசமட்டத்தைத் தொடவே இல்லை. தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்தார். “கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும் தம்பி, தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்” என்றார். டியூபின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறு முனையோடு அவர் ஒவ்வொரு குறியாகப் போனார். குமிழி ஒன்று டியூபுக்குள் நின்றுவிட்டால் மட்டம் பொய் சொல்லும் என்று விரலால் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றிய பிறகே பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். வலது பின் சக்கரம் நிற்கும் இடம் 7 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங்கின் விறைப்பைப் பொறுத்து 3 மில்லிமீட்டர் வித்தியாசமே ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு மூன்று கிலோவை இடம் மாற்றிவிடும் என்றால், 7 மில்லிமீட்டரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கே.புதூர் தொழிற்பேட்டையில் அலுமினியத் தகடுகளை அளவுக்கு வெட்டி வாங்கி, தாழ்ந்த இடங்களில் அடுக்கினோம். தகடு வைக்கும் இடங்களில் தரையில் பெயின்ட் அடித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே தகடு.

மதுரை வெயிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஷெட் கதவு வழியாக வெயில் ஒரு பக்க டயர்களில் மட்டும் பட்டால் அந்தப் பக்கம் காற்றழுத்தம் ஏறிவிடும், கார் கொஞ்சம் உயரும். லோட் செல் காட்டும் எண்ணும் சூட்டுக்கு நகரும். அதனால் சித்திரை, வைகாசியில் விடிந்ததும் வேலையை ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறோம். தராசைப் போட்டுச் சற்று நேரம் விட்டுப் பூஜ்யம் வைப்போம். டயர் காற்றைச் சரிபார்ப்போம், பாதி டேங்க் பெட்ரோல், ஸ்டியரிங் நேராக. வளைவில் கார் சாயாமல் பிடிக்க இடது, வலது பக்கங்களை இணைக்கும் கம்பிதான் ஆன்டி ரோல் பார்; முன்பக்கத்தில் அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கை ஒரு பக்கம் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கம்பியின் முறுக்கும் எடையோடு சேர்ந்து படிக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு அரிசி மூட்டைதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலங்களுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டை பரவலாகக் கிடைக்கிறது. மூன்று மூட்டை 78 கிலோ, என் எடையும் அதுதான். இரண்டை இருக்கையிலும் ஒன்றைக் கால் வைக்கும் இடத்திலும் வைத்தேன்.

காரை ஜாக்கியில் தூக்கித் தட்டில் இறக்குவதைவிட, அதே உயரத்தில் மேடை செய்து உருட்டி ஏற்றுவது நல்லது. தூக்கி இறக்கினால் டயர்கள் உள்வாங்கிப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனைத் தன் நிலைக்கு வரவிடாது. வேறு வழியில்லை என்றால் தட்டின் மேல் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளை நடுவில் கிரீஸ் தடவி வையுங்கள், டயர் வழுக்கித் தன் இடத்துக்கு வந்துவிடும். பிறகு பானெட்டையும் டிக்கியையும் அழுத்தி அழுத்தி விட வேண்டும்.

எங்களுக்கு முதலில் வந்தது இது: முன் இடது 338, முன் வலது 364, பின் இடது 232, பின் வலது 216. மொத்தம் 1,150. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 596 கிலோ, அதாவது 51.8 சதவீதம். பாதிக்குப் பாதி வர வேண்டிய இடத்தில் இது. இடது வளைவில் முன்பக்கம் தள்ளியதும், லேசான இடது முன் டயர் முதலில் கீச்சிட்டதும் ஏன் என்று அந்தத் திரையைப் பார்த்ததும் விளங்கியது. எனக்கு அப்போது வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அதுவரை கை உணர்ந்ததை எண் ஒப்புக்கொண்டது.

திருகுவதில் ஒன்றை மனதில் வையுங்கள். காயிலோவரில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை ஏற்றி இறக்கி மூலைவிட்ட எடையை மட்டுமே மாற்ற முடியும். முன்பக்கம் 61 சதவீதம் என்றால் எவ்வளவு திருகினாலும் அது 61 தான். இடம் வலமும் அப்படியே. அவற்றை மாற்ற பேட்டரியையோ ஸ்டெப்னியையோ இடம் மாற்ற வேண்டும். ஒரே மூலையில் முழுவதையும் தீர்க்கப் பார்த்தால் அந்தப் பக்கம் கார் சரிந்து நிற்கும். முன் வலதைக் கொஞ்சம் இறக்கி, முன் இடதைக் கொஞ்சம் ஏற்றி, கால் சுற்று கால் சுற்றாகப் போனோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு காரை உருட்டி, அழுத்திவிட்டு, மறுபடி படித்தோம். கடைசியில் அதே வரிசையில் 348, 354, 222, 226. மூலைவிட்டம் 50.1 சதவீதம். அங்கேயே நிறுத்திக்கொண்டோம். உயரம் மாறினால் டோவும், அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ லேசாகத் திரும்பி நிற்கும் கோணமும், மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட்டை இதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும்.

கழற்றிய லிங்க்கைத் திரும்ப மாட்டும்போது கவனமாக இருங்கள். மூட்டைகள் இருக்கையில் இருக்கும்போதே மாட்ட வேண்டும். போல்ட் விரலால் தள்ளினாலே துளைக்குள் போக வேண்டும். சுத்தியலோ நெம்புகோலோ தேவைப்பட்டால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, காலையெல்லாம் செய்த வேலையை அது கலைத்துவிடும். கே.புதூரிலேயே ஒரு லேத் பட்டறையில் நீளம் மாற்றக்கூடிய லிங்க் செய்துகொண்டோம்.

அடுத்து செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனோம். 2.1 கிலோமீட்டர் டிராக், இந்தியப் பந்தயக் கார்களுக்கு வழிகாட்டிய கரிவரதனின் பெயரைத் தாங்கியது. இடதும் வலதும் ஒரே மாதிரி திரும்பின. பிரேக்கில் ஸ்டியரிங் கையில் இழுக்கவில்லை. லேப் நேரம் அதிரடியாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டுபவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு பழக்கம் தேவைப்படாது, அதற்காகவே நான் இதை மறுபடியும் செய்வேன். இதைச் சோதித்துப் பார்க்க ரிங் ரோட்டில் இறங்கிவிட வேண்டாம்.

தட்டுகளில் 1 முதல் 4 வரை எண் போட்டிருக்கும். எந்த எண் எந்தச் சக்கரத்துக்கு என்று சுவரிலேயே எழுதிவைத்து, மாற்றாமல் பயன்படுத்துங்கள். மதுரைப் பக்கம் காயிலோவர் போட்டிருப்பவர்கள் யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் எங்கள் ஷெட்டில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம். லிங்க் கழற்றும் ஸ்பானரையும் உங்கள் எடைக்கு ஏற்ற மூட்டைகளையும் எடுத்து வாருங்கள்.