குருவிப் பைத்தியம் ஆரால வந்த? (கதிர்காமப் பாதையில சந்திச்ச ஒரு தாயும் மகனும்)

கல்லாறு அக்கா:

வழியில சந்திச்சு மறக்கேலாமப் போன ஆக்களப் பத்தி எழுதச் சொல்லி கேட்டிருந்தீங்க, எல்லாரும் பேய்க்கதையும் யானைக்கதையும்தான் எழுதுறீங்க, நான் ஒரு கம்பஸ் பொடியன்ட கதைய எழுதுறன். யானை இதுலயும் கொஞ்சம் வரும், பயப்பட வேணாம்.

எனக்கு வயசு 43. சங்கக்கடையில கிளாக் வேல, ராவையில தையல். மகள் ஏஎல் பயோ. அவள்ட பயோ கொப்பியத் துறந்தா பின்பக்கம் முழுக்க சட்ட டிசைன் கீறி வெச்சிரிக்காள், பக்கம் பக்கமா, கை வெச்சது கை வெக்காதது எண்டு. நான் அண்டைக்கு வீட்ட ரெண்டாக்கிட்டன். அந்தக் கோவத்தோடயே அவள்ட ரிசல்ட்டுக்கு நேத்தி வெச்சுப் போன நடைதான் இது, ரெண்டு வருசம் ஆகுது.

உகந்தையில காட்டு வாசல் துறந்து மூணாம் நாள் உள்ள போன. தெரியாதாக்களுக்குச் சொல்றன், பாணமையத் தாண்டி உகந்தை முருகன் கோயில்தான் நம்மட பக்கத்தால நடக்கிறாக்களுக்கு கடைசிக் கோயில், அங்கால முழுக்க குமண, யால காடு. வருசத்துல கிட்டத்தட்ட ரெண்டு கிழமைதான் துறப்பாங்க, பேரப் பதிஞ்சுபோட்டுத்தான் விடுவாங்க. கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், மறுகா கதிர்காமம். உள்ள போனா ஆர் எண்டாலும் சாமிதான். அஞ்சு வயசுப் பொடியனும் சாமி, ஊருல வட்டிக்கு விடுறவரும் சாமி.

முதல் நாளே எனக்கு கால் பொங்கிட்டு. கும்புக்கன் ஆத்தடியில குந்திக்கொண்டு செருப்பக் கழட்டிப் பாக்கன், குதியில முட்ட முட்டயா கொப்புளம். பக்கத்துல இருந்த ஒரு அம்மா ஒண்டும் கேக்கல்ல, "காலக் காட்டு புள்ள" எண்டுட்டு சீலத் தலப்புல குத்தியிருந்த ஊசிய எடுத்தா, நெருப்புப் பெட்டி கொழுத்தி ஊசியச் சுட்டா, நூலக் கோத்து கொப்புளத்துக்க இந்தப் பக்கத்தால விட்டு அந்தப் பக்கத்தால எடுத்து நூல அப்படியே வெட்டி உள்ளுக்க விட்டா. தண்ணி நூல் வழிய தானா வடிஞ்சிரும், தோல் கழராது. நான் இருவது வருசமா ஊசி பிடிக்கிறவள், இப்படி ஒரு தையல நான் கண்டதே இல்ல. மேல மஞ்சள் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய். "நாளைக்கு ஓடுவாய்" எண்டா. ஓடல்ல, நடந்தன்.

அவட மகன்தான் நான் சொல்ல வந்த பொடியன். 23, 24 இரிக்கும், மெலிஞ்ச ஆள், காவி வேட்டி, மேல கம்பஸ் டீசேட், கழுத்துல பைனாகுலர். பாக்கிறாக்களெல்லாம் டீவிக்காரனோ எண்டு கேட்டுக்கொண்டு போறாங்க. தாய்க்கு அதக் கண்டாலே பத்திக்கொண்டு வருகுது. "ரெண்டு போத்தல ஒட்டின மாதிரி ஒரு சாமானக் கழுத்துல கட்டிக்கொண்டு திரியிறான் புள்ள, கம்பஸ் பிள்ளைகளுக்குக் குடுக்கிற மகாபொல உதவிக் காசு வந்த நேரமெல்லாம் சேத்து வெச்சு வாங்கிரிக்கான், நான் புத்தகம் வாங்குறான் எண்டு இருந்தன்."

ஆக்கள் படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். குருமண்வெளியில வாவியக் கடக்கிற பாதைப் படகுல ஏறி மண்டூருக்குப் போனா அதுக்கும் உள்ளால ஒரு ஊர், வேணாம் ஊர்ப் பேர். மனிசன் கட்டாருக்குப் போனவர், ரெண்டு வருசம் காசு அனுப்பினவர், மறுகா சத்தமில்ல. அவ குத்தகைக்கு வயல் செய்து ஒத்தையில வளத்த பொடியன். 2021 பெரும்போகத்துல உரமில்லாம நாடே கிடந்த நேரம் அவக்கு வெட்டுக்கூலிக்கும் காணாமப் போனதாம், கைவளையல் அப்பதான் போன எண்டா, கைய வருடிக்கொண்டு சொன்னா, அவ்வளவுதான், அதுக்கு மேல அதப் பத்திக் கதைக்கல்ல.

பொடியன் ஏஎல் மூண்டு தரம் எடுத்தவன். தாய்க்கு டொக்டர் ஆக்கோணும் எண்டு. மூணாந்தரம் வந்த இசட் ஸ்கோருக்கு மெடிசின் கிடைக்கல்ல, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல பயோ சயன்ஸ் கிடைச்ச, இப்ப விலங்கியல் செய்யிறான். கம்பஸ் கிடைச்சா காட்டால நடக்கிறன் எண்டு தாய்ட நேத்தி. "நினைச்சது கிடைக்கல்லையே, பின்ன ஏன் நடக்கிறீங்க" எண்டு நான் வாய் விட்டுக் கேட்டுட்டன். அவ என்னப் பாத்த பார்வை. "நான் முருகனட்டக் கேட்டது கம்பஸ்தான், மெடிசின் எண்டு செல்லல்லயே. கேட்டதத் தந்தவருக்கு நடக்காம இரிக்கேலுமா?" இது மூணாவது வருச நடை வேற.

பொடியனட்ட தனியக் கேட்டன், தம்பி நீ கும்புடுறியா, இல்ல அம்மாக்கு பேக் தூக்க வந்தியா எண்டு. சிரிச்சான். "முதல் வருசம் பேக் தூக்கத்தான் அக்கா வந்த" எண்டான். இந்த வருசம் எதுக்கு எண்டு கேக்க முதல் எதையோ கண்டு நிண்டுட்டான். இதுதான் அவன்ட வேல, முன்னால கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போகுது, இவன் மரத்தப் பாத்துக்கொண்டு நிக்கான். தாய் கிறுகி வந்து, "குருவியக் கும்புடவா இவ்வளவு தூரம் வந்த?" எண்டு ஏச, "முருகன்ட வாகனம் மயில், கொடியில சேவல், ரெண்டையும் வெச்சிரிக்கிறவரே ஒண்டும் செல்லல்ல, உங்களுக்கென்னம்மா" எண்டான். பின்னால வந்த கிழவர் ஒராள் சிரிச்ச சிரிப்புல அவர்ட தண்ணிக் கேன் கீழ விழுந்திட்டு. தாயும் சிரிச்சா, முகத்த அங்கால திருப்பிக்கொண்டு.

வள்ளியம்மன் ஆத்தடியில ரா யானை வந்த. எல்லாரும் ஒழும்பிக் கத்தப் பாக்க இவன்தான் லைற்ற நூக்கச் சொல்லி, சத்தம் போடாம ஒரு இடத்துல குவிஞ்சிருக்கச் சொன்னவன். அது தன்ட பாட்டுல தண்ணி குடிச்சிட்டுப் போன. தாய் பிள்ளையார் பிள்ளையார் எண்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தா, ஆர்ட வேல பலிச்ச எண்டு அவங்க ரெண்டு பேருக்கும் விடியும் மட்டும் வாக்குவாதம்.

நான் சொல்ல வந்தது அதில்ல, அதுக்கு முந்தின நாள் வியாழையில வெள்ளென நடந்தது. இன்னும் இருட்டு, நடக்க வெளிக்கிட்டுக்கொண்டிருக்கம், காட்டுக்கோழி கூவுது. நான் சும்மா, அது என்ன சத்தம் எண்டு கேட்டன். பொடியன் வாய் துறக்க முதல் தாய் சொல்றா, "அது காட்டுச்சேவல், அங்கால கேக்கிறது செம்பகம், இது ஆட்காட்டி". சீலய உதறி மடிச்சுக்கொண்டே சொல்றா, தலைய நிமித்தாம. எப்படித் தெரியும் எண்டு கேட்டன். வயல் காவலாம். மனிசன் போன புறகு பரணுல அவவும் ஆறு வயசுப் பொடியனும்தான் ராக் காவல். யானை வெடி ஒரு கையில, பிள்ள மடியில. அவன் இருட்டுக்குப் பயந்து அழுவானாம், இவ ஒவ்வொரு சத்தத்துக்கும் பேர் சொல்லிக் குடுப்பாவாம். "அது வக்கா மனே, மீனுக்குப் போகுது. அது ஆட்காட்டி, ஆள் அசைஞ்சா கத்தும். இப்ப அது கத்தல்லதானே, அப்ப ஒருத்தரும் வரல்ல, நீ படு."

இதச் சொல்லி முடிச்சு பேக்கத் தோள்ல போட்டுக்கொண்டு அதே மூச்சுல, "இவனுக்கு இந்தக் குருவிப் பைத்தியம் ஆரால வந்த எண்டுதான் புள்ள எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கல்ல, தகப்பன்ட ஆக்களுக்கும் இல்ல" எண்டா. நான் பொடியனப் பாத்தன். அவன் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், அதுக்கு அவ்வளவு நேரம் தேவையில்ல.

மத்தியானம் அவன்ட கொப்பியக் காட்டினான். கோடு போட்டு மூணு நிரல். முதல் நிரல் இங்கிலீஸ் பேர், ரெண்டாவது பாணமைப் பக்கத்து ஆக்களட்டக் கேட்டு எழுதின சிங்களப் பேர், மூணாவது நிரலுக்கு மேல "அம்மா" எண்டு எழுதிக் கிடக்கு. வக்கா, உள்ளான், கானாங்கோழி, சிச்சிலி எண்டு போகுது. சில இடம் வெறுமை. "அது அம்மாக்குத் தெரியாதது" எண்டான். நம்மட பக்கத்துப் பேரோட சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போடோணுமாம், மறுகா மேல படிச்சு வனசீவராசிகள் பக்கம் ஒரு வேல. அதுக்கெண்டே சிங்களமும் படிக்கிறான். தாய்க்கு டீச்சிங் கிடைச்சாக் காணும், பின்னேரம் ரெண்டு மணிக்கு வீட்ட வரலாம் எண்டு.

கறுப்புக் கழுத்து நாரை எண்டு ஒண்டு இரிக்காம், ஆளுயரத்துக்குக் கிட்ட, இலங்கையில விரல் விட்டு எண்ணுற அளவுதான் மிச்சமாம், யால குமணப் பக்கம்தான் நிக்குமாம். அத இவன் இன்னும் காணல்ல. மூணு வருசமா நடந்தும் காணல்ல. நாங்க போன அந்த முறையும் காணல்ல.

கதிர்காமத்துல மாணிக்க கங்கையில முழுகிட்டு கோயிலுக்கு முன்னால நிக்கம், அவ வழமை போல வாய் விட்டுத்தான் கும்புடுறா. "முருகா, இவனுக்கு ஒரு கவுமெண்டு வேலயக் குடு." கொஞ்ச நேரம் ஒண்டுமில்ல. மறுகா குரல இறக்கி, "அந்தக் கறுத்தக் கழுத்துக்காரனையும் ஒருக்காக் காட்டிவிடு."

---

படுவான்கரையான்:

அக்கா, நல்லா எழுதிரிக்கீங்க, ஆனா கோவிக்காதீங்க, நான் கொஞ்சம் கசப்பான ஆள். 2017இல மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால வேல கேட்டு மாசக்கணக்கா இருந்த பட்டதாரிகளுல நானும் ஒராள். டிகிரியக் கையில வெச்சுக்கொண்டு வெயில்ல இருந்தவனுக்குத்தான் தெரியும், குருவி பாத்து உலை கொதிக்காது. என்ட அம்மா அங்க ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவா, ஒரு நாள் கூட எப்ப முடியும் எண்டு கேட்டதில்ல, கேட்டிருந்தா நான் எழும்பிப் போயிருப்பன். அந்தத் தாய் டீச்சிங் எண்டு சொல்றதுல பிழை இல்ல. தம்பிக்குச் சொல்லுங்க, எக்ஸாம் எது வந்தாலும் அப்ளிகேசன் போட்டு வெக்கச் சொல்லி, குருவி எங்கயும் ஓடாது. பறக்கும்தான், ஆனா நான் சொல்றது விளங்கும்தானே.

---

மருதமுனை ராத்தா:

கதிர்காமம் எனக்குத் தெரியா, ஆனா பஸ்ஸில சந்திச்ச ஒரு பிள்ளைய எழுதோணும் போல இரிக்கு. சம்மாந்துறையில இருந்து கல்முனைக்கு வாற பஸ், பக்கத்துல ஒரு கம்பஸ் மகள், மடியில கொப்பி, இலக்கமா எழுதிக்கொண்டு வாறா. கணக்குப் பாடமா மகள் எண்டு கேட்டன். இல்ல ராத்தா, உம்மாட சாரி நூல் கணக்கு எண்டா. உம்மா கைத்தறி நெய்யிறவ, எழுதத் தெரியாதாம், பாவு எத்தின இழை, சாயம் எவ்வளவு, ஆர் எவ்வளவு கடன் எண்டு எல்லாம் மனசுல வெச்சிரிப்பாவாம், இவ பஸ்ஸில வெச்சு அத எழுதி கொடுத்தவன் வாங்கினவன் கணக்கப் பாக்கிறா. படிக்கிறது கெமிஸ்ட்ரி, ஆசை சாயம் பத்தி ஆராய்ச்சி செய்ய. கழுவக் கழுவப் போகாத சிவப்பு ஒண்டு உம்மாக்குக் காட்டோணுமாம். உம்மா சொல்றது ஒண்டுதானாம், சுபஹ் தொழுதுட்டு என்ன வேணுமெண்டாலும் செய் எண்டு. "கஷ்டமான பகுதி அதுதான் ராத்தா, நாலரைக்கு எழும்பிட்டா மத்ததெல்லாம் லேசு" எண்டு சொல்லிச் சிரிச்சா. கல்முனையில இறங்கிப் போயிட்டா, பேர் கூடக் கேக்கல்ல.

அது சரி கல்லாறு அக்கா, ஒண்டு கேக்கட்டா. ராவையில தைக்கிற ஆள் நீங்கதானே? மகள் கொப்பியில கீறினது சட்டையா?

---

கல்லாறு அக்கா:

ராத்தா, வாசிச்சன். பதில் எழுதத் தெரியாம ரெண்டு நாள் இருந்தன், சங்கக்கடையில ஸ்டொக் எடுக்கிற நாள் வேற.

படுவான்கரையான் தம்பி, நீங்க சொன்னத அவனுக்கு அனுப்பினன். அப்ளிகேசன் ரெண்டு போட்டுத்தான் இரிக்கானாம். இறுதி வருசம் முடிஞ்சு இப்ப தற்காலிகமா ஒரு ஆராய்ச்சி வேலயில காட்டுப் பக்கம் நிக்கான், சிக்னல் இல்லாத இடம், போன் எடுத்தாலும் பாதியில போகும்.

போன கிழமை ராப் பத்து மணி இரிக்கும், தாய்ட நம்பர்ல இருந்து வொய்ஸ் மெசேஜ் ஒண்டு வந்த. போன் கோல் எடுக்கிறதுக்குப் பதிலா பக்கத்து வீட்டுப் பிள்ள அமத்திக் குடுத்திரிக்கி போல. ஒரு நிமிசத்துக்கு மேல வெறும் இருட்டுச் சத்தம்தான், தவளையும் காத்தும். அதுக்க ஒண்டு மூணு தரம் கூப்பிட்டு நிக்குது, கீழ்த் தொண்டையால, மெதுவா. மறுகா அவட குரல், ஆக்கள் நித்திரையில இரிக்கிற வீட்டுல கதைக்கிற மாதிரி ரகசியமா. "புள்ள, இது வயலுக்க புதுசா ஒண்டு, மூணு நாளாக் கத்துது, எனக்குப் பேர் தெரியா. அவன் போன் எடுக்கிறானில்ல. நீ இத அவனுக்கு அனுப்பி என்ன எண்டு கேளு. கெதியாக் கேளு, அது போயிரும்."

நான் தச்சுக்கொண்டிருந்த மெசின நிப்பாட்டிட்டு அனுப்பினன். ஒரு டிக் மட்டும்தான் விழுந்து கிடக்கு.