கலிபோர்னியாவில் நோட்டரி பப்ளிக் ஆவது எப்படி?

கேள்வி: வணக்கம். கலிபோர்னியாவில் நோட்டரி ஆக வக்கீல் படிப்பு வேண்டுமா? கமிஷன் (நோட்டரியாக மாநிலம் தரும் நியமனம்) கைக்கு வந்த பிறகும் சிலருக்குச் செல்லாமல் போகிறதாமே, ஏன்?

பதில் 1: வேண்டாம். இந்திய முறையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 18 வயது நிறைந்து, மாநிலத்தில் சட்டப்படி வசித்தால் போதும். அங்கீகாரம் பெற்ற 6 மணி நேர வகுப்பை முடித்து, சான்றிதழ், விண்ணப்பம், 2க்கு 2 அங்குலக் கலர் போட்டோ, 40 டாலரோடு தேர்வுக்குப் போங்கள். 70 மதிப்பெண் எடுக்க வேண்டும். தேறியதும் லைவ் ஸ்கேனில், அதாவது மின்னணு முறையில், கைரேகை கொடுக்க வேண்டும். பழைய தண்டனை ஏதும் இருந்தால் மறைக்காதீர்கள், மறைத்ததற்காகவே நிராகரிக்கலாம்.

பதில் 2: செல்லாமல் போவது 30 நாள் கெடுவால்தான். உறுதிமொழியும் 15,000 டாலர் பாண்டும் (உத்தரவாதப் பத்திரம்) கவுன்டி (மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகத்தில் அதற்குள் பதிவாக வேண்டும். நாள் எண்ணுவது கமிஷன் தொடங்கும் தேதியிலிருந்து. கவர் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். நீட்டிப்பு கிடையாது. தபாலை நம்பாமல் நேரில் கொடுப்பதே நல்லது.

பாண்டு தொகையை முழுதாகக் கட்ட வேண்டாம், சிறிய பிரீமியம்தான். ஆனால் அது மக்களுக்கான காப்பு. உங்கள் தவறுக்காக பாண்டு கொடுத்த நிறுவனம் இழப்பீடு கொடுத்தால், அதை உங்களிடமே திரும்பக் கேட்கும்.

பதில் 3: கமிஷன் 4 ஆண்டுகள். தமிழ் தெரிந்தது பெரிய பலம்: கையெழுத்திடுபவரோடு நோட்டரி நேரடியாகப் பேச முடிய வேண்டும், மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யக் கூடாது. நோட்டரி சான்று வாசகம் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். பவர் பத்திரத்துக்கு ஜர்னலில் (நோட்டரியின் பதிவேடு) கையெழுத்திடுபவரின் கட்டைவிரல் ரேகையை வாங்க விட்டுவிடாதீர்கள்.